பூதத்தின் வாயிலும் நமக்குப் பங்கு

மனிதர்களில் 'நம்மாள் எங்கே' என்று ஒரு இனம் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண குரூப் போட்டோவை நீட்டிப் பாருங்கள். மற்றவர்கள் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்ப்பார்கள். இவர் மூன்றாவது வரிசையில் தம் பெரியப்பா மகனின் காதாவது தெரிகிறதா என்று தேடுவார். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை போனால் ஸ்கோர் கேட்க மாட்டார், "நம்ம பக்கத்து ஆளு எத்தினி பேரு ஆடறான்?" என்பார். எங்கோ பஸ் கவிழ்ந்த செய்தியைப் பேப்பரில் படித்து, அதில் தம் ஊர்க்காரர் யாரும் இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். முக்கால்வாசி நிம்மதி. மீதி மனக்குறை. அத்தனை பேர் ஏறிய பஸ்ஸில் நம்மாள் ஒருத்தனுக்குக்கூடவா இடம் இல்லை?

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்று எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டை அடுத்த கோட்டைக்குப்பத்தில் நடமாடியது. பெயர் கண்ணப்பன். நல்ல உயரம், நல்ல குரல், எந்தக் கூட்டத்திலும் முன்னால் வந்து நிற்கும் தோரணை. குப்பத்தில் அவருக்கு ஒரு பதவியும் இருந்தது. ஏரி பெரிதுதான், ஆனால் இறால் எல்லா இடத்திலும் ஓடாது. நல்ல இடம் கொஞ்சம், வலை நிறைய. அதனால் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். இதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு, நாளை மறுநாள் அவனுக்கு. சண்டை வராது, வந்தாலும் சீக்கிரம் முடியும். அந்தச் சீட்டுப் பானைக்குள் கைவிடும் உரிமை ஊரில் ஒரே கைக்குத்தான். கண்ணப்பன் கைக்கு. கலெக்டர் உத்தியோகத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் பானையைவிட்டு அந்தக் கை வெளியே வந்திருக்காது.

பாடு வைத்துப் பழகிய கண்ணுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் பங்காகத்தான் தெரியும். சினிமா மட்டும் விதிவிலக்கா?

பழவேற்காட்டு டென்ட் கொட்டகையில் அப்போதெல்லாம் இங்கிலீஷ் படங்கள் வரும். ஊரெல்லாம் ஓடித் தேய்ந்து, கீறல் மழை பெய்து, கடைசி மூச்சு விடுவதற்கென்றே ஏரிக்கரைக்கு வரும் படங்கள். அவற்றில் கண்ணப்பனுக்குப் பிடித்தவை ஒரு தனி வகை: நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து ஏதோ ஒன்று வந்து கடலுக்கடியில் படுத்திருக்கும், அதற்குப் பெயர் கிடையாது, வயது கிடையாது, கை மட்டும் ஏராளம், அது புரண்டு படுத்தால் ஊர் அழியும். பாஷை புரியவேண்டிய அவசியமே இல்லை. எல்லாரும் ஒரே மாதிரிதான் கத்துவார்கள்.

தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து அப்படி ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணப்பனுக்கு ஞானம் பிறந்தது. பக்கத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்த மனைவி தெய்வநாயகியின் தோளை இடித்தார்.

"ஏம்மே, கவனிச்சியா?"

"இன்னாத்த?"

"மொத ரீல்ல செத்தது யாரு?"

"எவனோ வெள்ளக்காரன்."

"வெள்ளக்காரன்தான். இன்னா தொழிலு? கையில வலை வெச்சிருந்தான் பாத்தியா? நம்மாளு!"

"அவனா நம்மாளு?" தெய்வநாயகி திரையைப் பார்த்தாள். செத்தவனுக்குப் பூனைக்கண், செம்பட்டைத் தாடி. "ஏன், நம்ம பங்காளியா?"

"போன மாசம் ஓடிச்சே ஒரு படம், அதுலயும் மொதல்ல போனவன் படகுக்காரன். அதுக்கு முந்தின படத்துல தூண்டில் போட்டவன். அந்தப் பூதம் வானத்துலேருந்து வருதுமே. அத்தினி தொலைவு வந்துட்டு நேரா மீன் புடிக்கிறவனையா புடிக்கணும்? அதோ புரபசரு மாடில குந்திக்கினு புக்கு படிக்கிறாரு. அவரு மேல ஒரு கை படுதா பாரு!"

"பூதம் தண்ணியில கீது, தண்ணியில இருக்கிறவனத் துண்ணுது. மாடிப்படி ஏறியா வரும்?"

"அண்டத்தத் தாண்டி வர்றதுக்கு மாடிப்படி ஏறத் தெரியாதா?"

தெய்வநாயகி அடுத்த கடலையை உரித்தாள். இதற்கு உலகத்தில் யாரிடமாவது பதில் இருக்கிறதா? அன்றிலிருந்து கண்ணப்பன் எந்தப் பூதப் படத்தையும் படமாகப் பார்க்கவில்லை. யார் முதலில் போகிறான், யார் கடைசியில் நிற்கிறான், நின்றவனுக்கு எந்த ஊர், இவ்வளவுதான். பூதம் வாயைத் திறக்கும்போது கொட்டகையே கண்ணை மூடிக்கொள்ளும். அவர் மட்டும் உள்ளே போகிற ஆளை எட்டிப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் இருக்கிற ஊருக்கு ஒருவர் பூதப் படம் எடுக்க வருவாரா? வந்தார். வரதன் என்று பெயர். கோடம்பாக்கத்துக்காரர், மெலிந்த உடம்பு, பெரிய கறுப்புக் கண்ணாடி, முதல் படம். தமிழில் அதுவரை யாரும் எடுக்காத பிரபஞ்ச பயங்கரப் படம் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, ஒரு கேமரா, ஒரு ரப்பர் பூதம், அரைகுறையாகப் பிலிம் சுருள் ஆகியவற்றோடு பழவேற்காட்டில் வந்து இறங்கினார். அந்த ஊர்க்காரர் மக்பூல் பாய் தம் வீட்டு மாடியைத் தங்கக் கொடுத்தார். படகும் கூட்டமும் கோட்டைக்குப்பத்திலிருந்து வர வேண்டும். அவற்றுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லாததால், மரியாதை நிறையக் கொடுத்தார். மீன் ஏலக் கொட்டகையில் ஊரைக் கூட்டி உட்காரவைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

"பேய்க்குப் பழிவாங்க ஒரு காரணம் இருக்கும். இதுக்குக் காரணமே கிடையாது. இந்த ஏரிக்கடியில யுகயுகமா தூங்கிட்டு இருக்கு. மனுஷன் இதுக்குக் கால்தூசு. ஏழை, பணக்காரன், நல்லவன், கெட்டவன், எதையும் பாக்காது."

கண்ணப்பன் எழுந்தார். "ஒரு சந்தேகம் டைரக்டரே. யாரையும் பாக்காதா?"

"பாக்கவே பாக்காது."

"மொதல்ல யாரத் துண்ணுது?"

"ஒரு மீனவரை."

"அப்பால?"

"அவர் தம்பியை."

"அதுக்கப்பால?"

வரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குப்பம்..."

"குப்பத்துல யாரு?"

"குப்பம் மொத்தமும்."

கொட்டகையில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. மீன் ஏலக் கொட்டகையில் அது சாதாரண விஷயம்தான் என்றாலும் அன்றைக்குத் தனியாகக் கேட்டது.

"யாரையும் பாக்காதுன்னீங்க," என்றார் கண்ணப்பன் நிதானமாக. "தேடித் தேடி எங்களையே துண்ணுதே! கடைசில மிஞ்சறது யாரு?"

"ஒரு புரபசரும் அவர் கட்டிக்கப்போற பொண்ணும்."

"எந்த ஊரு?"

"மெட்ராஸ்."

"பாத்துக்கினியா!" என்று கண்ணப்பன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை கேள்வி கேட்டார். இந்த இனத்துக்கு அநியாயம் நடந்தால் வருத்தம் வரும், உண்மைதான். ஆனால் அநியாயம் கண்ணெதிரில் நிரூபணமாகும்போது வருகிற சந்தோஷத்தை எந்த வருத்தமும் மறைக்க முடியாது.

தீ பற்றிக்கொண்டது. மக்பூல் பாய் தொண்டையைச் செருமினார். "சார், கதையில பாய் யாராச்சும் வர்றாங்களா?"

வரதன் முகம் மலர்ந்தது. "வர்றார் பாய்! அருமையான கேரக்டர். ஹீரோவுக்கு அடிபட்டதும் ஓடி வந்து ரத்தம் கொடுக்கிறார்."

"சார், நான் சினிமா பாக்க ஆரம்பிச்ச நாளுலேருந்து நாங்க ரத்தம் குடுத்துக்கினே கீறோம். உடம்புல இன்னும் இன்னா சார் மிச்சம் இருக்கும்? ரத்தம் குடுக்காத படத்துல பிரியாணி போட வெக்கிறீங்க. ஒரு தபா, ஒரே ஒரு தபா, ஒரு பாய் சும்மா சேர்ல குந்திக்கினு பேப்பர் படிக்கட்டுமே."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். அப்பால பூதம் வந்து துண்ணட்டும். அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

காட்டூரிலிருந்து சைக்கிளில் வந்திருந்த விவசாயி பெரியசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏரியில அம்மாம் பெரிய பூதம் வருது, காட்டூரு பக்கம் எட்டிக்கூடப் பாக்கலன்னா இன்னா அர்த்தம்? நாங்கல்லாம் மனுசங்க இல்லியா? எங்கள்லயும் ரெண்டு பேரத் துண்ணணும். ஒரு மாடாச்சும் துண்ணணும்."

வரதன் மாட்டை ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் கிருஷ்ணன் எழுந்து நின்றார். கண்ணப்பனுக்கு அடுத்த வீட்டுக்காரர். சீட்டுப் பானையை வெகு காலமாகவே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருப்பவர். "கண்ணப்பா, நீ பேசு, நல்லாப் பேசு. படம் வரும்போது பாரு. நம்மாளு ஒருத்தனும் மிஞ்ச மாட்டான்."

"மிஞ்சுவான்."

"மிஞ்சலேன்னா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயை அடக்கிய 'நம்மாள் எங்கே' யாரையாவது நீங்கள் கண்டதுண்டா?

"கடைசி சீன் வரிக்கும் நம்மாளு ஒருத்தன் உசிரோட நிப்பான். நிக்கலேன்னா சீட்டுப் பானைய உன் கையில குடுத்துட்டு நான் ஒதுங்கிக்கிறேன். ஊரே சாட்சி."

தெய்வநாயகி தலையில் கை வைத்துக்கொண்டாள். கிருஷ்ணன் உட்கார்ந்துகொண்டார், ஏற்கெனவே பானையை மடியில் வைத்திருப்பவர்போல.

அடுத்த இரண்டு நாள் கண்ணப்பன் டைரக்டரை விடவில்லை. சாப்பிடும்போதும் கூட இருந்தார், பல் துலக்கும்போதும் கூட இருந்தார். கடைசியில் வரதன் களைத்துப்போய், கதையில் ஒரு படகோட்டியை நுழைத்தார். புரபசரை ஏரிக்குள் அழைத்துப்போகிறவன், தைரியசாலி, கடைசிவரை சாவதில்லை. சூரியன் உதிக்கும்போது படகில் தனியாக நிற்கிறான். படம் முடிகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? கண்ணப்பன் டைரக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம். படகோட்டியா யார் நடிக்கிறது?" என்றார் வரதன்.

"அதப் பத்திக் கவலையே படாதீங்க. பாடு வெச்சுடறோம்."

குலுக்கி ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று வரதன் நினைத்துக்கொண்டார். கம்பெனி கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் நாள் சின்னதம்பி வந்தார். ஒல்லியான மனிதர், அமைதியான முகம், அழகாகத் துடுப்புப் போட்டார். வரதனுக்குப் பரம திருப்தி. மறுநாள் காலை அதே நீலச் சட்டைக்குள் வேறு ஒருத்தர் வந்து நின்றார். கறுத்த, கனத்த மனிதர், பெரிய மீசை. சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டும் உயிரைவிட்டிருந்தன.

"நேத்து நடிச்சவர் எங்கே?"

"அவன் முறை முடிஞ்சிடிச்சே," என்றார் கண்ணப்பன். "இன்னிக்கு இவரு."

"ஐயோ, ஒரே கேரக்டர் சார்! ஒரே ஆள்தான் வரணும்!"

"அதெப்டிங்க? நல்ல எடத்துல ஒருத்தனே தெனமும் வலை கட்டினா ஊரு சும்மா விடுமா? உசிரோட மிஞ்சற வேசம் இது ஒண்ணுதான் கீது. அதையும் ஒருத்தனுக்கே எழுதி வெக்கணுமா?"

வரதன் கெஞ்சினார். மணலில் உட்கார்ந்தார். முண்டாசை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டால் யார் வந்தாலும் ஒன்றுதானே என்று யோசனை சொன்னார். கண்ணப்பனுக்கு வந்ததே கோபம்! "மூஞ்சிய மூடிக்கினு நிக்கறதுக்கா சார் பங்கு கேட்டோம்? மூஞ்சி தெரியணும். எல்லார் மூஞ்சியும் தெரியணும்." படகுகள் கரையில் கட்டியே கிடந்தன. கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பிலிம் சுருளைத் தவிர வேறொன்றும் இல்லாத மனிதர் என்ன செய்வார்? "பிரபஞ்ச பயங்கரத்தில் மனிதனுக்கு நிலையான முகமே இல்லை" என்று தமக்குத் தாமே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு, "ஸ்டார்ட்" என்றார்.

அப்புறம் நாளுக்கு ஒரு படகோட்டி. ஒருவருக்கு வழுக்கை, ஒருவருக்குத் தாடி, ஒருவர் புரபசரைவிட நன்றாகச் சிரித்தார். மொத்தம் ஆறு பேர். கண்ணப்பன் தமக்கென்று கடைசி நாளை ஒதுக்கிக்கொண்டார். சீட்டில் வந்ததா என்று கேட்காதீர்கள். பானைக்குள் போவது யார் கை?

இதற்கிடையில் பூதத்துக்குள் இருந்த ஆள் ஓடிப்போனார். சென்னையிலிருந்து வந்த ஸ்டண்ட்காரர் அவர். கழுத்துவரை ஏரித் தண்ணீரில் ரப்பரை மாட்டிக்கொண்டு நின்றவரின் கால் கட்டைவிரலை நண்டு பிடித்துக்கொண்டது. மத்தியான பஸ்ஸில் பொன்னேரி போய்ச் சேர்ந்துவிட்டார். வரதன் ஓடி வந்தார். "யாராவது பூதமா நடிங்களேன்! பாடு வேணாலும் வெச்சுக்கோங்க!"

கண்ணப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்மாளு பூதமா? நடக்காது. நாளைக்கு நாலு ஊரு இன்னா சொல்லும்? குப்பத்தான்னா பூதம்னு எழுதி வெச்சுடுவான். எங்களுக்கு அந்தப் பங்கு வேணாம்." மக்பூல் பாயும் வேண்டாம் என்றார். காட்டூரும் வேண்டாம் என்றது. எல்லாருக்கும் எல்லாவற்றிலும் பங்கு வேண்டும். பூதம் மட்டும் கேட்பாரற்றுக் கரையில் கிடந்தது.

"அது எந்த ஊரு?" என்று தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

காசியம்மாள். ஏரியில் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிற பெண்களில் ஒருத்தி. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நாள் முழுக்கச் சேற்றைத் துழாவுவது அவள் வேலை. வலையும் இல்லை, படகும் இல்லை. ஆகவே பாடும் இல்லை. கதை சொன்ன கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவும் இல்லை. இத்தனை நாள் படப்பிடிப்பில் அவளிடம் யாராவது பேசியிருந்தால், "ஏம்மே, அந்தாண்ட போ, படத்துல வுழற" என்றுதான் பேசியிருப்பார்கள்.

"எந்த ஊரும் இல்லைம்மா. நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கம்," என்றார் வரதன்.

"சொந்தக்காரங்க?"

"யாரும் கிடையாது."

"பாடு கீதா அதுக்கு?"

"எதுவும் கிடையாது."

"அப்போ அது என் வேசந்தான்," என்று காசியம்மாள் கூடையைக் கரையில் வைத்தாள். "இன்னா பண்ணணும் சொல்லு சார்."

"ஒண்ணுமே பண்ண வேண்டாம். எதிர்ல யார் நின்னாலும், அவங்க இருக்கிறதே உங்களுக்குத் தெரியாத மாதிரி இருக்கணும்."

காசியம்மாள் கரையில் நின்றவர்களை ஒரு தரம் பார்த்தாள். "அது கஷ்டமா இன்னா? இவங்க என்னிய அப்டித்தான பாக்குறாங்க."

அவளுக்குத் தண்ணீர் வீடு மாதிரி. நண்டு வந்தால் பிடித்துக் கூடையில் போட்டாள். ரப்பர் கைகள் அசைந்த அசைவைப் பார்த்துக் கேமராக்காரர் ஒருமுறை கேமராவை விட்டுவிட்டு ஓடினார். கண்ணப்பன் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டார். "பூதத்துக்கெல்லாம் இன்னாத்துக்கு இம்மா நேரம்? படகோட்டியக் காட்டுங்க சார்!"

புரபசராக நடித்தவருக்கு நடுவில் வேறு படம் வந்துவிட, காதலியாக நடித்தவரையும் தம் காரிலேயே ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார். வரதன் அதையும் தாங்கிக்கொண்டார். கடைசி நாள் கண்ணப்பன் நீலச் சட்டையில், சூரிய உதயத்தில், படகின் முனையில், இடுப்பில் கைவைத்து நின்றார். உதயத்தை மூன்று தரம் எடுத்தார்கள். மூன்றாவது தரம் மணி பத்து.

படம் சென்னையில் எப்போது வந்து எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சில மாதம் கழித்துப் பழவேற்காட்டு டென்ட் கொட்டகைக்கு வந்தது. மாலைக் காட்சிக்கு மூன்று ஊரும் வந்துவிட்டது. கண்ணப்பன் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு. அன்றைக்குத் தரை டிக்கெட் அல்ல, பெஞ்சு. பின்னால் கிருஷ்ணன்.

படம் தொடங்கியது. சின்னதம்பி துடுப்புப் போட்டார். கொட்டகை கூரை கிழியக் கத்தியது. அடுத்த காட்சியில் பூதத்தின் வாய் தெரிந்தது. அதற்கடுத்த காட்சியில் பெரிய மீசைக்காரர் துடுப்புப் போட்டார்.

கண்ணப்பனுக்கு ஏதோ இடித்தது.

நீங்கள் ஒரு நிமிஷம் சென்னையில் உட்கார்ந்திருந்த எடிட்டரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். அவருக்கு ஏரியும் தெரியாது, பாடும் தெரியாது. ஒரு காட்சியில் இருக்கிற படகோட்டி அடுத்த காட்சியில் இல்லை; அவன் சட்டையை வேறொருத்தன் போட்டிருக்கிறான். பூதப் படத்தில் இதற்கு என்ன அர்த்தம்? அவரும் அந்த அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொண்டார். பூதம் வாயைத் திறந்து மூடுகிற துண்டு ஒன்று கையிலிருந்தது. ஆள் மாறும் இடத்திலெல்லாம் அதை ஒட்டினார். சாகவே கூடாத படகோட்டி வரிசையாகச் செத்தான்.

"ஒண்ணு!" என்றார் பின்னாலிருந்து கிருஷ்ணன். மீசைக்காரர் போனார். "ரெண்டு!" வழுக்கை போயிற்று. "மூணு! கண்ணப்பா, மொத கதையில ரெண்டு பேரும் குப்பமுந்தான் செத்தாங்க. நீ போயி பங்கு கேட்டு மூணு பேர எக்ஸ்ட்ராவா சாவ வெச்சுட்டியே!"

மக்பூல் பாய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ரத்தம் தரவில்லை, பிரியாணி போடவில்லை, பக்கத்தைத் திருப்பினார், பூதம் தின்றது. "பாத்தியா! பாத்தியா!" என்று அவர் பெஞ்சின்மேல் ஏறி நின்றார். "சும்மா குந்திக்கினு இருந்த பாய்! சும்மா!" காட்டூர் மாடும் போயிற்று, பெரியசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவில் காணாமல்போன புரபசரையும் காதலியையும்கூட அதே வாய் விழுங்கியது. அந்தத் துண்டில் கறுப்புக் கண்ணாடி மாட்டிய ஒருவரின் நிழல்கூடத் தெரிந்தது.

சூரியன் உதித்தது. கண்ணப்பன் படகில் இடுப்பில் கைவைத்து நின்றார். பெஞ்சிலிருந்த கண்ணப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்படியே முடித்துவிடுங்களேன் சாமி, என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டார். எடிட்டரிடம் இன்னும் கொஞ்சம் பிலிம் இருந்திருக்கிறது. வாய் திறந்தது. வாய் மூடியது. காலிப் படகு ஆடியது. தூரத்தில் ரப்பர் கைகள் சாவகாசமாக ஏரிக்குள் அமிழ்ந்தன. விளக்குப் போட்டார்கள்.

கிருஷ்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஊரே சாட்சின்னு சொன்னே. ஒருத்தனாச்சும் உசிரோட கீறானா?"

கண்ணப்பன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பானை கண்ணெதிரே அடுத்த வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது. எல்லா முகமும் அவரையே பார்த்தன. அவரும் கூட்டம் முழுக்க ஒரு முகத்தைத் தேடினார், யாராவது ஒருத்தர், மிஞ்சினவர் ஒரே ஒருத்தர்... தரையில், மணல் மேட்டில், காசியம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கீறாங்க!" என்று அலறினார். "பூதம் சாவலியே! பூதம் யாரு? நம்மாளு!"

கொட்டகை அதிர்ந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் விசிலடித்தார்கள். கிருஷ்ணன் விடவில்லை. "காசியம்மா எப்டி நம்மாளு? பாடு முறைல அவங்களுக்குப் பேரு கீதா?"

"ஏரி ஒண்ணுதான? தண்ணி ஒண்ணுதான? அப்போ நம்மாளுதான்!"

"இன்னொரு தபா சொல்லுண்ணே," என்று காசியம்மாள் எழுந்து நின்றாள். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "பெஞ்சு டிக்கெட்டுக்காரங்களுக்குக் கேக்கல."

"நம்மாளு," என்றார் கண்ணப்பன், கொஞ்சம் மெதுவாக.

"அப்போ வர்ற சீட்டுல என் பேரும் இருக்கணும். நான் வலை ஒண்ணு வாங்கி வெச்சுக்கறேன்."

கண்ணப்பனின் வாய் திறந்தது, மூடியது. எடிட்டர் பார்த்திருந்தால் வெட்டி எடுத்துக்கொண்டிருப்பார். "அது வந்து காசியம்மா... படத்துக்குத்தான் நம்மாளுன்னு..."

"படத்துக்கு மட்டுமா?" கிருஷ்ணன் கையை நீட்டினார். "அப்போ நெசத்துல ஒருத்தனும் மிஞ்சல. பானையக் குடு."

"யோவ்," என்றாள் தெய்வநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒண்ணு அவங்களுக்கு ஒரு சீட்டுப் போடு, இல்லேன்னா பானையக் குடுத்துட்டு வா. ரெண்டுல ஒண்ணு ஜல்தியா சொல்லு. புள்ளைங்க பசியில குந்திக்கினு கீது."

கண்ணப்பன் கிருஷ்ணனின் நீட்டிய கையைப் பார்த்தார். காசியம்மாளைப் பார்த்தார். அவள் கேட்டது, பாடு ஏற்பட்ட நாளிலிருந்து யாரும் கேட்காதது, யாரும் கொடுக்காதது. பிறகு துண்டைச் சரிசெய்துகொண்டு, பெஞ்சின் மேலேறி, கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"காசியம்மாவுக்கு ஒரு பங்கு உண்டு! ஏரியில இத்தினி வருசமா பாடுபடுறவங்கள ஒதுக்கி வெக்கிறது நாயமா? இதத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிக்கினு கீறேன்!"

இந்த இனத்தை அடியோடு வெறுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். சில சமயம் நல்லது செய்துவிடுகிறார்கள். ஆனால் அதை முதலிலிருந்தே செய்துகொண்டிருந்ததாக நம்பவும் செய்துவிடுகிறார்கள். காசியம்மாள் வாதாடவில்லை. அந்த வருஷம் சீட்டுப் போட்டபோது வலையோடு வந்து வரிசையில் நின்றாள். கண்ணப்பன் கை பானைக்குள் போனபோது, "கைய நல்லாத் தொறந்து காட்டிட்டுப் போடுண்ணே" என்று மட்டும் சொன்னாள். ஊரில் அதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "ஆமாம்பா, காட்டட்டும்" என்றார் கிருஷ்ணன். கண்ணப்பன் காட்டினார்.

வாசகர்களே, கண்ணப்பனைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். இதைப் படிக்கும்போது ஓரக்கண் ஒன்று வரிக்கு வரி உங்கள் ஊர்ப் பெயரைத் தேடவில்லையா? உங்கள் தொழில்காரர் ஒருவரும் வரவில்லையே என்று குறைபட்டுக்கொள்ளவில்லையா? காட்டூர்க்காரருக்கு ஒரே ஒரு மாடுதானா என்று பத்திரிகை ஆபீசுக்குக் கார்டு போட நினைத்தவர் யார் என்றும் எனக்குத் தெரியும். போடுங்கள். அடுத்த பூதத்திடம் உங்கள் பெயரையும் சொல்லி வைக்கிறேன். முதல் ரீலில் வேண்டுமா, கடைசி ரீலில் வேண்டுமா என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.